இடப்பக்கச் சுவர்

மூன்று மீட்டர் நாற்பதுக்கு இரண்டு அறுபது.
அளந்தவன் ஐவின்.
கடல் வரைபடங்களில் ஆழம் திருத்துவது அவன் பிழைப்பு,
அதனால் மூன்று தடவை அளந்தான்,
மூன்றாம் தடவை ரேடியேட்டர் வால்வையும் சேர்த்து.
டேப்பின் மறுமுனை என் கையில்.

திரொம்சோவில் டிசம்பர்.
நண்பகலில் கொஞ்ச நேரம் நீலம்,
பிறகு ஜன்னலில் எங்கள் முகங்கள்.

பழைய தானியப் பெட்டியை வெட்டி
அட்டைகள் செய்தான்:
என் மேசை, அவன் மேசை, பிரிண்டர்,
நாற்காலியைப் பின்னால் தள்ள
எழுபது சென்டிமீட்டர் வெறுமை.
"வெறும் இடத்துக்கும் அட்டையா?"
"அதைத்தான் முதல்ல வெட்டணும், ஹெர்போர்க்."

எதிரெதிரே உட்கார்ந்தால்
ஒருவர் கொட்டாவி மற்றவருக்குத் தொற்றும்.
முதுகுக்கு முதுகு என்றால்
என் வீடியோ அழைப்பில் மீனவர்கள்
அவன் பிடரியைப் பார்த்தபடி
முறிந்த உந்துதண்டு பற்றிச் சொல்வார்கள்.
படகுக் காப்பீடு என் வேலை.
வின்ச் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகியவர்கள் அவர்கள்.
அவர்களிடம் நானும் கத்துகிறேன்.
அவனுக்கோ ஓர் எண் பிசகினால் ஒரு கப்பல் தரைதட்டும்.

ஆகவே நடுவில் அலமாரி.
புத்தகங்கள் சத்தத்தைக் குடிக்குமாம்.
எங்களிடம் இருந்தவை பதினாறு.
மீதியைக் கம்பளிப் போர்வைகள் குடிக்கட்டும் என்று அடுக்கினோம்.

ஜன்னல் ஒன்றுதான்.
சண்டை வருமென்று
காப்பி நிறையவே போட்டு வைத்திருந்தேன்.
"இடப்பக்கச் சுவர் எனக்கு," என்றேன்.
"பிளக் பாயிண்ட் அங்கதான் இருக்கு."
தலையாட்டினான்.
வலப்பக்கத்து அட்டையைத்
தன் முழங்கால் பக்கம் இழுத்துக்கொண்டான்.
காப்பி ஆறிப்போனது.

பிளக் பாயிண்ட் உண்மை.
அந்த உண்மைக்குப் பின்னால் நான் ஒளிந்திருந்தேன்.
அவன் வருமுன் இரண்டு குளிர்காலம்
இந்த வீட்டில் தனியே இருந்தவள்.
ஊரெல்லாம் சூரியன் திரும்பிய பன்னைத் தின்று முடித்து
ஒரு வாரம் கழித்துத்தான்
எங்கள் ஜன்னலுக்கு முறை வரும்.
எதிர்வீட்டுக் கூரைக்கும் மலைத்தோளுக்கும் இடையில்,
பதினொரு நிமிடம்.
இடப்பக்கச் சுவர். மேசைக்குச் சற்று மேலே.

அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.
தெரிந்ததை மறைத்தவர்களின் விண்ணப்பங்களை
வாரம் இரண்டாவது திருப்பி அனுப்புகிறேன்.

மேசைகள் வந்தன.
ஒரு திருகாணி மிஞ்சியது,
எதில் குறைகிறது என்று இன்னும் தெரியவில்லை.

ஜனவரிக் கடைசியில் ஒரு காலை
விசேஷம் ஏதுமில்லாமல்
இரண்டு பன் வாங்கி வந்தான்.
சீக்கிரமாகவே கதவைச் சாத்தி உட்கார்ந்தான்.
ஒன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில்
வந்தது:
சுவரில், விசைப்பலகையில், என் மணிக்கட்டில்.
தொலைபேசியில் ஒருவர்
தன் படகின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.
பாதியில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

அலமாரிக்கு அந்தப் பக்கம்
நாற்காலி கிறீச்சிட்டது. அவன் எழவில்லை.
"வா," என்றேன்.
வந்தான்.
எழுபது சென்டிமீட்டரில் நின்றான்,
விரலெல்லாம் சர்க்கரை.

மாலையில் அலமாரிக்கு இன்னொரு தட்டு வாங்க
அளவு தேடிப் பழைய உறையைப் பிரித்தேன்.
என் மேசை அட்டையின் மேல்
குண்டூசித் தலையளவு ஒரு வட்டம்,
விளிம்பிலிருந்து அதுவரை ஒரு மெல்லிய கோடு,
பக்கத்தில் அவன் கையெழுத்தில்
நூற்றுத் தொண்ணூற்று இரண்டு பாகை.

நான் சுவரைக் கேட்டதற்கு முன்பா, பின்பா?
பென்சிலுக்குத் தேதி இல்லை.

உறையை மூடி வைத்தேன்.
சனிக்கிழமை வாங்க வேண்டியவற்றில்
தட்டுக்குக் கீழே எழுதினேன்:
நீட்டிப்பு வயர், ஐந்து மீட்டர்.